பார்ப்பதற்கும் துடைப்பதற்கும் நடுவில்

எனக்குக் கவலைப்படக் காரணமே தேவையில்லை என்று வீட்டில் கேலி செய்வார்கள். அந்த வாரம் காரணம் இருந்தது. ஒரு மருத்துவமனை ரத்த வங்கியில் ஃப்ரிட்ஜ்களைக் கண்காணிக்கும் புரோகிராம் என் பொறுப்பில் இருந்தது. ஃப்ரிட்ஜில் சூடு ஏறினால் அது மணி அடிக்க வேண்டும். ஒருநாள் சூடு ஏறியது, மணி அடிக்கவில்லை. அங்கிருந்த டெக்னீஷியன் தற்செயலாக ஒரு பையைத் தொட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். அந்த ஃப்ரிட்ஜில் இருந்த ரத்தம் அத்தனையும் வீண்.

புரோகிராமில் இரண்டு பகுதிகள். ஒன்று சூட்டை அளந்துகொண்டே இருக்கும். இன்னொன்று தூங்கும். சூடு ஏறினால் முதலாவது இரண்டாவதைத் தட்டி எழுப்பும். இந்தத் தட்டலுக்குத்தான் எங்கள் தொழிலில் சிக்னல் என்று பெயர். அதில் வார்த்தை எதுவும் கிடையாது, வெறும் தட்டல். அன்றைக்குத் தட்டியதற்குப் பதிவு இருந்தது. தூங்கியது எழவில்லை.

என் லேப்டாப்பில் எப்படி ஓட்டினாலும் ஒழுங்காக எழுந்தது. டாக்டரைப் பார்த்ததும் நின்றுபோகிற இருமல் மாதிரி. கேளம்பாக்கம் அலுவலகத்தில் மேனேஜர், ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறதே, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி போட்டுவிடுங்கள் என்றார். அந்த ஒரு மணி நேரத்துக்குள் சூடு ஏறினால் என்ன செய்வது என்று கேட்டேன். திங்கட்கிழமை இன்னும் இரண்டு மருத்துவமனைகளில் இதே புரோகிராமை வைக்கப் போகிறோம் என்பதுதான் பதிலாக வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயமாகவும் இருந்தது. அந்த வாரம் நான் சரியாகத் தூங்கவேயில்லை. போன் அடித்தாலே மருத்துவமனையோ என்று பதறியதால் அதை சைலண்ட்டில் போட்டு வைத்தேன்.

அப்பா கோவிலம்பாக்கத்தில் தனியாக இருக்கிறார். காலையில் ஜெபம் முடித்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். எழுந்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். நான் பதிலுக்கு ஒன்று கொடுப்பேன். யாரும் எடுக்கக் கூடாது. அடுத்தடுத்து இரண்டு வந்தால் உடனே புறப்பட்டு வா என்று அர்த்தம். அம்மா படுக்கையில் இருந்த காலத்தில் வைத்துக்கொண்ட ஏற்பாடு. அம்மா போனாள், ஏற்பாடு போகவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை போனைப் பார்த்தேன். அப்பாவின் மிஸ்டு கால் இல்லை. அதற்குள் பால் பொங்கியது. ஓடிப்போய் அடுப்பை அணைத்து, வழிந்ததைத் துடைத்துவிட்டு வந்தேன். போனில் வங்கிக்காரர்களும் புடவைக் கடைக்காரர்களும் அனுப்பியது வரிசையாக நின்றது. எரிச்சலில் எல்லாவற்றையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டேன். பிறகு அப்பாவின் மிஸ்டு காலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. நானே கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அப்படித்தான்.

தாம்பரத்திலிருந்து ஸ்கூட்டரில் எப்படிப் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மேடவாக்கம் நெரிசலில் யாரோ திட்டியது மட்டும் நினைவிருக்கிறது. குளியலறையில் விழுந்து கிடப்பார் என்று மனசு படம் போட்டுக்கொண்டே வந்தது. போய்ப் பார்த்தால் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

“அப்பவே கெளம்பிப் போயிட்டாரும்மா. உன் வூட்டுக்குத்தான். பொண்ணுகிட்டேந்து பதிலே வரலன்னு ஒரே பேஜாரா இருந்தாரு.”

எதற்குப் பதில் வரவில்லை என்று புரியாமல் போனில் கால் பட்டியலைத் திறந்தேன். அப்பாவின் மிஸ்டு கால் இருந்தது. நான் பால் வழிந்ததைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வந்திருக்கிறது. திரும்பி வந்து, பார்க்காமலேயே கடைக்காரர்களோடு சேர்த்து அதையும் தள்ளியிருக்கிறேன்.

அந்த கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே, வெட்கமில்லாமல், புரோகிராமில் தூங்கும் பகுதியின் மூன்று வரிகள் கண் முன்னால் வந்து நின்றன. தட்டல் வந்திருக்கிறதா என்று பார். தட்டலின் குறியைத் துடை. தூங்கு. பார்த்த பிறகு, துடைப்பதற்கு முன்னால் ஒரு தட்டல் வந்தால் அதுவும் சேர்ந்து துடைபட்டுவிடும். தட்டியது, சொல்லியாயிற்று என்று இருந்துவிடும். தூங்குவது, யாரும் தட்டவில்லை என்று தூங்கிக்கொண்டே இருக்கும்.

வீட்டுக்குத் திரும்பியபோது அப்பா எங்கள் மாடிப்படியில் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். போன் எங்கே என்று கத்தினேன். சார்ஜில் போட்டு மறந்துவிட்டு வந்திருக்கிறார்.

“பதில் வரல. ரெண்டாவது தடவ குடுத்தா நீ பயந்துடுவ. அதான் நேர்ல வந்துட்டேன்” என்றார்.

அவருக்கு தோசை ஊற்றிக் கொடுத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். முதலில் பழைய புரோகிராமில், பார்ப்பதற்கும் துடைப்பதற்கும் நடுவில், வேண்டுமென்றே பால் பொங்கும் நேரத்துக்கு ஒரு தாமதம் வைத்தேன். அந்த நேரத்தில் ஒரு தட்டு தட்டினேன். எழவில்லை. ஒரு வாரமாக என் கண்ணில் படாதது முதல் தடவையிலேயே பட்டுவிட்டது.

துடைப்பதை முன்னால் நகர்த்தினால் மட்டும் போதாது, பார்ப்பதற்கும் தூங்குவதற்கும் நடுவிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. அதனால் பார்ப்பதற்கு முன்பே, வருகிற தட்டலை வாசலில் நிறுத்தி வை என்று சிஸ்டத்திடம் சொன்னேன். பிறகு பார்க்க வேண்டும். இருந்தால் துடைத்துவிட்டு வேலையைச் செய்ய வேண்டும். இல்லையென்றால் வாசலைத் திறப்பதும் தூங்குவதும் ஒரே செயலாக நடக்க வேண்டும். அதற்கென்றே லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு கட்டளை இருக்கிறது. மாற்றியது கைவிரல்களில் அடங்குகிற வரிகள்தான். இப்போது எத்தனை பால் பொங்கினாலும் எழுந்தது.

ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. கண்டபடி தட்டிக்கொண்டே இருக்கும் ஒரு சோதனையை ஓடவிட்டு, திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண் எரிந்தது. அப்பா கை கழுவிவிட்டு வந்து, இது என்ன என்று கேட்டார். ரத்தப் பைகளைப் பற்றிச் சொன்னேன்.

“இனிமே இது தூங்காதா?”

“தூங்கும்ப்பா. தட்டினா எழுந்துக்கும். எழுந்துக்கலன்னா இந்த இடத்துல சிவப்பா வரும்.”

அப்பா சட்டைப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார்.

“சிவப்பா வந்தா எழுப்பறேன். நீ போய்ப் படு. நான் முழிச்சிருக்கேன்.”