ரிலே வால்வுக்கு ஒரு ரப்பர் குல்லா

மாமனாரின் கைத்தடி நுனியிலிருந்த ரப்பரைக் கழற்றி லாரியின் ஏர் பிரேக்கில் மாட்டியவன் நான். இளம் மெக்கானிக்குகள் சிரித்து முடிக்கட்டும், காத்திருக்கிறேன்.

அப்போது குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஒர்க்‌ஷாப் ஃபோர்மேனாக இருந்தேன். கையில் டிப்ளமா, தலையில் அதைவிடக் கொஞ்சம் அதிகக் கனம். கொழுந்து லாரி ஓட்டியவர் முத்தையா. சிறுவயதில் சிலோனிலிருந்து வந்த குடும்பம். அவர் மனைவி ராசம்மா அதே எஸ்டேட்டில் கொழுந்து பறித்தார்.

மழைக்காலத்தில் எடை போடும் ஷெட் முன்னால் லாரி வந்து நிற்கும். முத்தையா பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் அடியில் ‘புஸ்’ஸென்று காற்று சீறி, வரிசையில் நிற்கும் பெண்கள்மேல் சேற்றைத் தெளிக்கும்.

“என்னா ஐயா, ஒங்க லாரி எங்க மேலயே துப்புது? படிச்சவருதானே, அதுக்கொரு வாய்ப்பூட்டு போடக்கூடாதா?” என்றார் ராசம்மா.

வரிசையே சிரித்தது. எனக்கு ரோஷம். சீறிய இடம் பின் ஆக்ஸில் பக்கத்து ரிலே வால்வின் எக்ஸாஸ்ட் துவாரம். அதில் அந்தக் கைத்தடி ரப்பரை மாட்டி, ஹோஸ் கிளிப் போட்டு முறுக்கினேன். மறுநாள் சேறு தெறிக்கவில்லை. ராசம்மா எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் முத்தையா ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். “ஐயா, வண்டிய யாரோ பின்னால புடிச்சிக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு. புஸ்ஸுன்னு சத்தமும் வரல்ல.”

“சத்தம் வராம இருந்தா நல்லதுதானுங்க” என்றேன். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைச் சுற்றினேன், லேசாகச் சுற்றியது. லாரி நின்றிருந்த நேரத்தில் கிளிப் இடுக்கு வழியே காற்று மெல்லக் கசிந்து, பிரேக் தானே விட்டிருந்தது. அது எனக்கு உறைக்கவில்லை. “பிரேக் மேலயே காலை வெச்சுட்டு ஓட்டறீங்க” என்று தீர்ப்பு சொன்னேன்.

அடுத்த வாரம் பின்சக்கர பிரேக் டிரம்மில் புகை. லாரி நடுவழியில் நின்றுபோக, ஒரு லோடு கொழுந்து சூடேறி வீணானது. மானேஜர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“டிரைவர் தப்புங்களா?”

“அப்படித்தானுங்க தெரியுது.”

“அப்ப திங்கக்கெழமையிலிருந்து முத்தையா லாரி ஏற வேண்டாம். ஃபேக்டரில அடுப்புக்கு வெறகு தள்ளட்டும்.”

இருபது வருடம் அந்த மலையில் ஒரு கல்லைக்கூட உரசாமல் லாரி ஓட்டியவர். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “சனிக்கெழம கடைசி டிரிப்புல பக்கத்துல ஒக்காந்து ஏங் காலப் பாருங்க ஐயா.”

உட்கார்ந்தேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ். பிரேக் போட்டு நின்றார். பஸ் போனதும் காலை எடுத்தார். பெடலுக்கும் காலுக்கும் ஒரு சாண் இடைவெளி. லாரி நகரவில்லை. மூடுபனி, நிசப்தம். அந்த நிசப்தத்தில்தான், கேட்க வேண்டிய ‘புஸ்’ கேட்கவில்லை என்பது என் காதில் விழுந்தது.

பெடலிலிருந்து பின்னால் போவது கொஞ்சம் காற்றுதான், வெறும் உத்தரவு. உத்தரவு வந்ததும் பக்கத்து டேங்கின் காற்றைப் பின்சக்கர பிரேக்குகளுக்குத் திறந்துவிடுவது ரிலே வால்வு. காலை எடுத்தால் அந்தக் காற்றை எக்ஸாஸ்ட் துவாரம் வழியே வெளியேற்றுவதும் அதுவே. வெளியேறினால்தான் பிரேக் விடும். லாரி துப்பவில்லை, மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மூக்கை அடைத்தவன் நான்.

ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு அடியில் புகுந்து, கிளிப்பைத் தளர்த்தி ரப்பரைப் பிடுங்கினேன். ‘புஸ்!’ முகமெல்லாம் சேறு.

முத்தையா குனிந்து பார்த்தார். “என்னாங்க அது?”

“எங்க மாமனார் கைத்தடி ரப்பருங்க.”

ரப்பரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “மாமனாரு நல்லா இருக்காருங்களா?” என்றார்.

அதே முகத்தோடு மானேஜர் மேஜையில் ரப்பரை வைத்து, தப்பு என்னுடையது என்றேன். முத்தையாவுக்கு லாரி திரும்பியது. எனக்கு ஒரு மெமோ கிடைத்தது.

இப்போது கோயமுத்தூரில் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். ஏதாவது பஸ் ‘புஸ்’ஸென்றால் அந்தப் பனியும் பச்சைக் கொழுந்து வாசனையும் வந்துவிடும். மாணவர்களிடம் சொல்வது ஒன்றுதான்: டிரைவர் ஒரு சத்தம் காணோம் என்றால், ஜாக்கியை எடுக்கும் முன் அவரோடு வண்டியில் ஏறுங்கள்.

அந்தத் திங்கட்கிழமை லாரி ஷெட் முன் நின்று சீறியபோது நான் பெருமையோடு நின்றிருந்தேன். ராசம்மா சேலையில் தெறித்த சேற்றை உதறிக்கொண்டே சொன்னார்:

“ஊட்டுக்காரருக்கு லாரி திரும்பக் கெடச்சிச்சு, சந்தோசம். ஆனா ஐயா, நீங்க செஞ்சதுலயே அந்த ரப்பர் வேலதான் சுத்தமா இருந்திச்சு.”