நாற்பது நம்பர் ஆயில்

என்னுடைய டீசல் காருக்கு வயதாகிவிட்டது. ஆயில் மாற்றும் நாளில் கடைக்காரர், "இன்னா நம்பரு போடட்டும்?" என்று கேட்பார். பதில் சொல்வதற்கு முன் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். ஏன் என்று அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் ராயபுரத்தில் இருந்தோம். அப்பா ஒரு பழைய டீசல் காரை வாடகைக்கு ஓட்டினார். தெருமுனைக்குப் பீடி வாங்கப் போனாலும் காரில்தான் போவார். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, காசிமேட்டில் மீன்பிடி லாஞ்சில் என்ஜின் டிரைவர். ஒருவர் தரையில் ஓட்டுபவர், ஒருவர் தண்ணீரில் ஓட்டுபவர். மற்ற விஷயங்களில் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். என்ஜின் என்று பேச்சு வந்தால் மட்டும் அம்மா தட்டுகளை எடுத்து வைத்துவிடுவாள்.

தகராறு ஆயிலில்தான். காரை விற்றவர் அதோடு ஒரு இங்கிலீஷ் புத்தகத்தையும் கொடுத்திருந்தார். அதில் ஓரிடத்தில் முப்பது என்ற எண்ணைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தது. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, வட்டம் தெரியும். முப்பது நம்பர் ஆயிலைத் தவிர வேறு எதையும் அந்தக் காருக்கு அவர் காட்டவில்லை. லாஞ்சுக்கு ஊற்றுவது நாற்பது நம்பர். அது கெட்டி, பாகு மாதிரி இறங்கும்.

"புக்கு எய்துனப்ப வண்டி புச்சு மாமா," என்பார் மாமா. "இப்ப அது கெயவி. உள்ள எல்லாம் தேஞ்சு கெடக்குது. சூடு ஏறுனா உன் முப்பது தண்ணியா பூடும்."

"வண்டின்னா இன்னான்னு மீனு புடிக்கிறவன் எனக்குச் சொல்றான்," என்பார் அப்பா, எங்களைப் பார்த்து.

ஆனால் மாமா சொன்னதில் விஷயம் இருந்தது. திருவொற்றியூரில் ஒரு கல்யாண வாடகைக்குப் போனபோது, மேளத்துக்குப் பின்னால் கார் நடை வேகத்தில் ஊர்ந்தது. என்ஜின் சூடேறி, ஆயில் குறைந்த அழுத்தத்தில் ஓடுகிறது என்று சொல்லும் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. அதற்கு மேல் ஓட்டினால் என்ஜின் உள்ளே இறுகிப் பிடித்துக்கொள்ளும். அப்பா வண்டியை நிறுத்தினார். பொண்ணு மாப்பிள்ளையை உள்ளே வைத்தே ஜனங்கள் தள்ளிக்கொண்டு போனார்கள். "பொண்ணு வெய்ட்டுப்பா," என்று யாரோ கத்தினார்கள். அந்தப் பெண் அழுதுவிட்டதாக அப்பா வீட்டில் வந்து சொன்னார்.

அதே வருஷம் எங்கள் அக்காவுக்கு எண்ணூரில் இடம் அமைந்தது. கல்யாணம் முடிந்ததும் மெயின்ரோட்டிலிருந்து மாப்பிள்ளை வீடு வரை மேளத்தோடு ஊர்ந்துதான் போக வேண்டும். வழியில் பெண்ணின் கார் நின்றால் காலம் முழுக்க அதைச் சொல்லிக் காட்டுவார்கள். வேறு வண்டி வைக்கலாம் என்றாள் அம்மா. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"எங்க நைனாதான் ஓட்டணும்," என்றாள்.

பரிசம் போட்ட அன்று, சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும் மாமா மறுபடி நாற்பது நம்பரை எடுத்தார். அப்பா கையைக் கழுவிக்கொண்டே, "லாஞ்சுக்கு ஊத்துறத என் வண்டில ஊத்துனா நான் ஸ்டீரிங்கத் தொட மாட்டேன்," என்று சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான் என்று பேர் எடுத்தவர். பேசியது பேசியதாகிவிட்டது.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை அப்பா காரை எடுத்துத் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றி, வாசலில் நிறுத்தி, சாவியை ஆணியில் மாட்டினார். "பெரம்பூர்ல ஒருத்தருக்குப் பத்திரிக வெக்கல. வர சாய்ந்தரம் ஆவும்," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

அவர் தலை மறைந்ததும் மாமா நாற்பது நம்பர் டின்னோடு வந்தார். காருக்கு அடியில் படுத்தபடி என்ஜினைத் தொட்டுப் பார்த்தார்.

"சூடாவே கீது. பழசெல்லாம் சொட்டு இல்லாம எறங்கிடும். நமக்கு நேரம் நல்லா கீது நைனா," என்றார் என்னிடம். நான் தகர டப்பாவைப் பிடித்துக்கொண்டேன். மை போலக் கறுப்பாகப் பழையது இறங்கியது. "உங்கப்பன்கிட்ட வாயத் தொறந்த, உங்கக்கா நடந்துதான் எண்ணூருக்குப் போவா."

அன்று ராத்திரி எனக்கு மறுநாள் காலையை நினைத்தே பயம். காரணம், அப்பா தினமும் விடிந்ததும் பானெட்டைத் திறந்து, ஆயில் பார்க்கும் கம்பியை உருவி, இரண்டு விரலில் தடவிப் பார்ப்பார். மறுநாளும் உருவினார். நான் படியில் நின்றுகொண்டிருந்தேன். கம்பியில் கறுப்பு இல்லை, பழுப்பாக இருந்தது. அப்பா விரல்களைத் தேய்த்தார். துணியில் துடைத்தார். திரும்பவும் தேய்த்தார்.

"கரெக்டா கீது," என்றார். போய்க் குளித்தார்.

எண்ணூரில் மேளக்காரர்கள் எங்களை லேசில் விடவில்லை. ஒரு மீன் வண்டி வேறு குறுக்கே நின்றது. நான் முன் சீட்டில் இருந்து அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு வந்தேன். அது கடைசி வரை எரியவில்லை. அக்காவுக்கு ஆலத்தி எடுத்து உள்ளே அழைத்துப் போனார்கள்.

சாப்பிடும்போது அப்பா, "பாத்தியா மச்சான், முப்பது நம்பரு. ஒரு தபா லைட்டு எரிஞ்சுதா?" என்றார்.

"நான்தான் தெரியாம பேசிட்டேன் மாமா," என்றார் மாமா, தலையைத் தூக்காமல். எனக்குப் பொறுக்கவில்லை. வாயைத் திறக்கப் போனேன். பக்கத்து இலையில் இருந்த மாமாவின் இடது கை என் தொடையை அழுத்தியது.

அதற்குப் பிறகு ஆயில் மாற்றும் சமயம் வரும்போதெல்லாம் அப்பாவுக்குப் பெரம்பூரில் ஒரு வேலை வந்தது. ஒவ்வொரு தடவையும் காரில் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றி நிறுத்திவிட்டு, பஸ் ஏறினார். நானும் மாமாவும் டின்னை எடுத்தோம். அப்பாவை இப்படி ஏமாற்றுகிறோமே என்று எனக்குப் பாவமாக இருக்கும். பஸ்ஸில் போகிற மனிதர் காரை எதற்குச் சூடாக்கி வைத்துவிட்டுப் போகிறார் என்று அந்த வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.