தேசிக்காய் விற்றவன் சூனியக்காரன் ஆன கதை

பூசைச் சாமான் விற்கிறவனிடம் இரண்டு வகைச் சனம் வரும்: கடவுளிடம் கேட்க வருவது ஒன்று, அடுத்தவரைப் பற்றி என்னிடம் சொல்ல வருவது மற்றது. பிரெஞ்சு நகரத்துத் தமிழ்க் கடைத்தெருவான ரூ பெர்தொனேயில் என் கடை பிழைப்பது இரண்டாவது வகையால்தான். கல்லாவுக்குப் பின்னால் நின்று தலையாட்டியே கழுத்து நொந்துபோன சக கடைக்காரர்களே, உங்களுக்கு இது புதிதாக இருக்காது.

அறைத் தோழன்

ஸ்தேன் புறநகரில் ஒரே அறையில் பலரோடு முடங்கிக் கிடந்த ரவி ஒருநாள் வந்து நின்றான். அவனுடைய விசா வழக்கு நிராகரிக்கப்பட்ட கிழமையே அறைத் தோழனுக்கு விசா கிடைத்துவிட்டதாம். அப்படியென்றால் செய்வினை அவன் வேலைதானாம். நான் வக்கீல் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு செய்வினை கழிக்கத் தேசிக்காய் என்கிற எலுமிச்சம்பழமும் காய்ந்த செத்தல் மிளகாயும் கட்டிக் கொடுத்தேன்.

சில வருடம் கழித்து அதே ரவி காரில் வந்து இறங்கினான். விசா, கலியாணம், சொந்த வீடு எல்லாம் ஆகிவிட்டது. ஆனால் கூரை ஒழுகுகிறது. செய்தது சகலனாம், அவனுடைய வீடு பெரிதாம், ஒழுகுவதும் இல்லையாம். அப்படியானால் அந்த அறைத் தோழன் என்று கேட்டேன்.

"சீ, அவன் பாவம் அண்ணை, நல்ல பொடியன். இன்னும் வாடகை வீட்டிலைதான் இருக்கிறான்."

பரீட்சை

ஒரு தாய் தன் மகளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். மகள் பரீட்சையில் தவறிவிட்டாள், காரணம் மச்சாளின் கண்ணூறு. மகளோ, நான் படிக்கவே இல்லை, போன்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று பிரெஞ்சில் சொன்னாள். என் பிரெஞ்சு அரைகுறை. இருந்தும் அது தெளிவாக விளங்கித் தொலைத்தது. விளங்காதவன் மாதிரிக் கூரையைப் பார்த்தேன்.

"பாத்தியளே அண்ணை, பெத்த தாய்க்கு முன்னாலை எப்பிடிக் கதைக்கிறாள் எண்டு! ரெண்டு பங்காக் கட்டுங்கோ."

என் முறை

பக்கத்துத் தையல்கடைத் தேவகிதான் எனக்கு இந்த ஊரில் கிடைத்த ஒரே சிநேகிதம். காலையில் பால் விடாத பிளேன்ரீ கொண்டுவருவாள், நான் வெளியே போனால் கடையைப் பார்த்துக்கொள்வாள். ஒருநாள், சேலை கட்டிய தன் கடைப் பொம்மையை என் வாசலோரம் வைக்க இடம் கேட்டாள். என் வாசல் என்ன சந்தையா என்று பெரிய மனிதன் மாதிரி மறுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வாசலில் தேசிக்காய் வெட்டிக் குங்குமம் தடவி வைப்பதும், மறுநாள் அதைத் தெருவோர வாய்க்காலில் கூட்டித் தள்ளுவதும் என் வழக்கம். நகரசபைக்காரர் தெருவைக் கழுவ வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடுவார்கள். அதைத் திருப்புவதற்குப் போடும் பழைய கம்பளச் சுருள், நான் மறுத்ததற்கு அடுத்த சனிக்கிழமை தேவகியின் வாசலில் கிடந்தது. என் தேசிக்காய்கள் மிதந்துபோய் அங்கேயே தடுபட்டு நின்றன. அன்றைக்கென்று பார்த்து அவளுடைய தையல் மெஷினும் நின்றுபோனது. வாய்க்காலையும் கம்பளத்தையும் காட்டிக் காட்டி விளக்கினேன். விளக்க விளக்க நானே குற்றவாளி ஆனேன்.

"வாசலிலை வெட்டின தேசிக்காய் கிடந்தா ஆரோ செய்வினை செய்திருக்கினம் எண்டு நீங்கள்தானே அண்ணை எனக்குச் சொல்லித் தந்தனீங்கள்?"

பொம்மை

அதோடு பேச்சு நின்றது, பிளேன்ரீயும் நின்றது. அவளுடைய வாடிக்கைக்காரர்கள் என் வாசலைத் தாண்டும்போது பிள்ளைகளை மறுபக்கம் பிடித்துக்கொண்டார்கள். சனம் போனதைவிடத் தேவகி முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதுதான் எனக்கு வலித்தது. கடைசியில் வீம்பை விட்டு, அவளுடைய பொம்மையை நானே தூக்கிவந்து என் வாசலில் நிறுத்தினேன்.

மறுநாள் பிளேன்ரீ வந்தது. என் கடைக்கு மறுபக்கம் இருக்கும் நகைக்கடைக்காரர், பொம்மை தன் கண்ணாடியை மறைக்கிறது என்று அவளோடு சண்டை பிடித்திருந்தார். அந்த மனிதர் எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். பிளேன்ரீ சூடாக இருந்தது, குடித்துவிட்டேன்.

"நான்தான் பிழையா நினைச்சிட்டன் அண்ணை, செய்தது அந்த நகைக்கடைக்காரன். நல்ல தேசிக்காயாப் பாத்து எடுத்துத் தாங்கோ."

இந்தத் தெருவில் சூனியக்காரன் ஆவதற்கு மந்திரம் ஒன்றும் தெரியவேண்டாம், பக்கத்துக் கடைப் பொம்மைக்கு ஒரு சாண் இடம் இல்லை என்று சொன்னாலே போதும்.