அசைந்த ஜன்னல் துணி

சென்ற ஆண்டு கார்த்திகை மாதம், ஒரு புதன்கிழமை காலை முதல் பாடவேளையில் நடந்தது இது. திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு நான் கணித ஆசிரியை.

எங்கள் வகுப்பறைக்கு ஸ்மார்ட் போர்டு வந்த புதிதில் அதைத் தொடவே எனக்குப் பயம். எதையாவது அழுத்தி, படம் மறைந்துபோனால் பிள்ளைகள் முன்னால் விழிக்க வேண்டுமே என்று துணி போட்டு மூடியே வைத்திருந்தேன். என்னைவிட மிக இளையவரான கம்ப்யூட்டர் டீச்சர்தான் மதிய இடைவேளைகளில் டிபன் பாக்ஸோடு வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். "படம் அப்படியே நின்னுபோச்சுன்னா பதறாதீக டீச்சர். நெட்டுதான். செத்த நேரத்துல தானா வந்துரும்." அவர் சொன்ன முதல் பாடம் அது. வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் என் மாணவி ஒருத்தி சைக்கிளிலிருந்து விழுந்து, கால் முறிந்து, சின்னாளப்பட்டியில் வீட்டோடு இருந்தாள். சிறு வயதிலிருந்தே சர்க்கரை நோய் உள்ளவள். தினமும் தானே இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வாள். பாடம் போகிறதே என்று அவள் அம்மா கலங்கியபோது, நானே துணிந்து ஒரு வழி சொன்னேன். என் கைப்பேசியைக் கரும்பலகைக்கு எதிரே ஒரு தாங்கியில் நிறுத்தி, அதை ஸ்மார்ட் போர்டோடு இணைத்து, வீடியோ அழைப்பில் அவளைச் சேர்த்துக்கொண்டேன். அவள் முகம் ஸ்மார்ட் போர்டில் பெரிதாகத் தெரியும். எல்லாரோடும் சேர்ந்து அவளும் கணக்குப் போடுவாள். ஆசிரியர் அறையில் இதைப் பற்றிப் பேச்சு வரும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

அன்று ஒரு சமன்பாட்டை எழுதிவிட்டு அவளிடம் விடை கேட்டேன். பதில் இல்லை. தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண்கள் பாதி மூடி, படம் அப்படியே நின்றிருந்தது.

"டீச்சர், நெட்டு போச்சு!"

"சிலையாயிட்டா டீச்சர். ஒரு மாலையப் போட்டுரலாம்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "வந்துருவா, நீங்க எழுதுங்க" என்று அடுத்த கணக்குக்குப் போனேன். அதன் இரண்டாவது வரியை எழுதிவிட்டுத் திரும்பியபோதுதான் கண்ணில் பட்டது. அவளுக்குப் பின்னால் ஜன்னலில் கட்டியிருந்த பழைய சேலைத் துணி காற்றில் மெல்ல உப்பி, அடங்கியது.

படம் நிற்கவில்லை. அவள்தான் அசையவில்லை.

பெயர் சொல்லிக் கத்தினேன். அவள் உதடு மட்டும் லேசாக நடுங்கியது. சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்தது. அவள் அம்மா நூல் மில்லில் முதல் ஷிப்டு. வீட்டில் வேறு யாரும் கிடையாது. பள்ளியில் எங்களிடம் இருந்த ஒரே எண், அவள் முன்னால் இருந்த அந்தக் கைப்பேசியின் எண். என் கைப்பேசியை எடுத்தால் படமும் போய்விடும். பக்கத்து வகுப்புக்கு ஓடி, கம்ப்யூட்டர் டீச்சரின் கைப்பேசியைப் பறிக்காத குறையாக வாங்கி வந்தேன்.

"அவ தெருவுல யாராச்சும் தெரியுமாடி?"

"எங்க சித்தி வீடு எதுத்தாப்புலதான் டீச்சர்" என்று எழுந்தாள் ஒருத்தி. "ஆனா சித்தி நம்பர் தெரியாது. எங்கம்மா நம்பர்தான் தெரியும்."

அவள் சொன்ன எண்ணை அழுத்தினேன். "ஹலோ" என்பதற்குள், "லோனும் வேணாம் ஒண்ணும் வேணாம், காலங்காத்தாலயே உசுர வாங்காதீக" என்று அந்த அம்மா வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன். இந்த முறை அந்தப் பெண்ணே கைப்பேசியைப் பிடுங்கி, "யம்மா, நாந்தேன்! வச்சுறாத!" என்று அலறி, சித்தியை உடனே அங்கே ஓடச் சொன்னாள்.

அப்புறம் காத்திருப்பு. சேலைத் துணி உப்பியது, அடங்கியது. அவள் தலை இன்னும் கொஞ்சம் சரிந்தது. சற்று முன் மாலை போடலாம் என்றவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கதவு திறந்து வெளிச்சம் விழுந்தது. உள்ளே ஓடி வந்த அந்தச் சித்தியின் இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை சிவப்பு. பிள்ளைகள் வீறிட்டார்கள். சுங்குடிச் சேலைக்குப் போட்டுக்கொண்டிருந்த சாயம் அது.

"ஏ ஆத்தா, கண்ணத் தொற! டீச்சர், என்ன செய்யணும், சொல்லுங்க!"

"சர்க்கரைய எடுத்துக் கன்னத்துக்கு உள்பக்கமாத் தடவுங்க. தண்ணி ஊத்தாதீங்க, பொரையேறிரும்!"

அவர் சர்க்கரை டப்பாவோடு அவள்மேல் குனிந்தார். அதே நிமிடம் படம் நின்றது. இந்த முறை சேலைத் துணியும் உப்பிய நிலையிலேயே நின்றது. உண்மையாகவே நெட் போய்விட்டது. திரை நடுவே, நெட்டுக்குக் காத்திருக்கச் சொல்லும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. என் வாழ்வில் எந்தப் பிரசவ அறை வாசலிலும், எந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலும் நான் அப்படி நடுங்கியதில்லை.

கையிலிருந்த இரவல் கைப்பேசி ஒலித்தது. லோன் வேண்டாம் என்ற அதே அம்மா. "முழிச்சுக்கிட்டாளாம் டீச்சர். ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாகளாம். எதுக்கு எல்லாரும் அழுகுறீகன்னு கேட்டாளாம்." நான் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மாலையில், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த அவளைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா என்னைக் குறை சொல்லவில்லை. "ஊசியப் போட்டுட்டு இட்லியத் தட்டுலயே வச்சிட்டா டீச்சர். பெல்லடிச்சதும் நீங்க பாடத்த ஆரம்பிச்சுருவீக, அட்டெண்டன்ஸ் போயிரும்னு பயம்" என்றார், சாதாரணமாக. நேரம் தவறாமை என் நாற்பத்தாறு வயது வரை நான் பெருமைப்பட்ட குணம். அந்தத் தட்டு இன்னும் கழுவாமல் அடுப்படியில் இருந்தது.

"நான் சிலையா இருந்தேனாமே டீச்சர்?" என்று சிரித்தாள் அவள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது கம்ப்யூட்டர் டீச்சரே சந்தேகம் கேட்கும் அளவுக்கு அந்தப் போர்டு எனக்குப் பழகிவிட்டது. ஆனாலும் திரையில் எந்தப் பிள்ளையின் முகம் தெரிந்தாலும் பாடத்துக்கு முன் "சாப்டியா?" என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிறேன். நான் அந்தப் போர்டில் கற்றுக்கொண்டதிலேயே தாமதமாக வந்ததும், இன்றுவரை என்னைத் தூங்கவிடாமல் விழிப்பாக வைத்திருப்பதும் அந்த ஒரு பாடம்தான்.