சவரிமுத்துவின் கோணிச்சாக்கு

எந்திரத்தை மனிதனின் உடம்புக்கு ஏற்றபடி அமைப்பது எப்படி என்று இன்று தடித்தடியாகப் புத்தகங்கள் வந்துவிட்டன. நான் அதை ஒரே ஒரு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து படித்தேன். அதற்கான பீஸைக் கட்டியவர் வேறொருவர்.

அறுபதுகளின் தொடக்கம். கொடைக்கானலில் ஒரு பஸ் கம்பெனி, மலைப்பாதை டிரைவர்களுக்கு டெஸ்ட் வைக்க ஷெட்டின் பின்னறையில் லேப் போட்டது. மதராஸில் சைக்காலஜி படித்துவிட்டு வந்த நான்தான் இன்சார்ஜ். ஒரு டிரைவர் சீட், ஆக்சிலேட்டர், பிரேக், எதிரே சிவப்பு பல்பு. பல்பு எரிந்ததும் பிரேக்கை மிதிக்க வேண்டும். கால் போய்ச் சேர எவ்வளவு நேரமாயிற்று என்று கடிகாரம் காட்டும். அதற்கு ரியாக்‌ஷன் டைம் என்று பெயர். சீட்டில் நானே உட்கார்ந்து பார்த்து, என் காலுக்கு வாட்டமாகத் தரையில் போல்ட் போட்டேன். நான் ஆறடி உயரம். அதில் யோசிக்க ஏதோ இருக்கிறது என்று அன்று தோன்றவில்லை.

1. டெஸ்ட்

வில்பட்டி சவரிமுத்து குள்ளமான மனிதர். பதினெட்டு வருஷமாக வத்தலக்குண்டு பாதையில் ஓட்டியவர். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. கக்கத்தில் மடித்த கோணிச்சாக்கோடு வந்தார்.

“இது எதுக்கு?”

“முதுகுக்குப் பின்னால வச்சுக்கிருவேன் சார். இது இல்லாம நான் சீட்ல ஏறுறதில்லீங்க.”

“லேப்ல எல்லாருக்கும் ஒரே கண்டிஷன். வெளிய வச்சிட்டு வாங்க.”

சாக்கை வராந்தாவில் வைத்துவிட்டு வந்தார். இருபது முறை பல்பை எரியவிட்டேன். இருபது முறையும் கால் தாமதமாகத்தான் போயிற்று. ‘மலைப்பாதைக்குத் தகுதியில்லை’ என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். மறுவாரம் அவர் ஷெட்டில் பஸ் கழுவிக்கொண்டிருந்தார்.

2. என் முறை

மூன்று மாதம் கழித்து லேப் தரையைப் பூசினார்கள். கொத்தனார் சீட்டை ஒரு சாண் பின்னால் தள்ளிப் பொருத்திவிட்டார். அது தெரியாமல், கடிகாரம் ஓடுகிறதா என்று பார்க்க நானே உட்கார்ந்து மிதித்தேன். நான் பெயில். திரும்பத் திரும்ப மிதித்தேன். திரும்பத் திரும்பப் பெயில்.

சவரிமுத்துவின் சாக்கு வராந்தாவிலேயே கிடந்தது. எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்து மிதித்தேன். பாஸ். அவமானமாக இருந்தது.

மேனேஜரிடம் ஓடி, சவரிமுத்துவுக்கு மறு டெஸ்ட் வைக்க வேண்டும் என்றேன். அவர் பைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “மறு டெஸ்ட் வேணும்னு அவரே எழுதிக் குடுக்கட்டும், வைப்போம். நீங்களா எதையும் கிளப்பாதீங்க.”

ஷெட்டுக்குப் போய்ச் சவரிமுத்துவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “தப்பு உங்க கால்ல இல்லண்ணே. நான் சீட்டு போட்டதுல. ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க.”

அவர் வாளியைக் கீழே வைத்தார். “நீங்க நல்ல மனசுல சொல்றீங்க சார். மெஷினு பொய் சொல்லுமாங்க? எனக்கே தெரியாம காலு தளந்து போச்சு. அம்பது உசுரை வச்சுக்கிட்டு எப்படிங்க ஓட்ட?”

ஐந்து நாள் கெஞ்சினேன். அவர் கையெழுத்துப் போடவில்லை.

3. முன்சீட்

ஆளை அளப்பதற்கு முன்னால் அவன் உட்காரும் இடத்தை அளந்து பார். அவன் கையில் எதைக் கொண்டுவந்தான், எதற்குக் கொண்டுவந்தான் என்று கேட்டு எழுது. பின்னாளில் நான் பாடம் நடத்திய மாணவர்கள் எல்லோருக்கும் முதல் பாடமாக இதைத்தான் சொன்னேன். சவரிமுத்துவுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஒருமுறை வத்தலக்குண்டுக்கு இறங்கும் பஸ்ஸில் முன்சீட்டில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. ரிப்பேருக்குக் கொண்டுபோகும் பஸ் டைனமோ ஒன்றை அவர் மடியில் வைத்திருந்தார். பெருமாள்மலை தாண்டியதும் மூடுபனி. ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் பஸ்ஸின் தரைப்பலகையை அழுத்தியது. அதற்குப் பிறகுதான் டிரைவர் பிரேக் போட்டார். ஊத்து என்ற ஊர் வரை ஒருமுறைகூட அந்தக் கால் பிந்தவில்லை.

என்னால் பொறுக்க முடியவில்லை. “அண்ணே, உங்க காலைப் பாருங்க. டிரைவருக்கு முந்திப் போகுது.”

குனிந்து பார்த்தார். ஏதோ தப்புச் செய்து அகப்பட்டவர்போல முகம் சுருங்கிவிட்டது. டைனமோவைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார். வத்தலக்குண்டு வரை இறக்கவில்லை.