எண்ணெய்க் கை

போன மாதம் புத்தூரில் என் மகன் வீட்டுக் குளியலறையில் குழாய் மாற்ற ஆள் வந்தான். சுவரோரம் சிலிகான் பேஸ்ட்டை அழுத்தினான். காடி ஊற்றின மாதிரி ஒரு புளித்த நெடி கூடம் வரைக்கும் வந்தது. மருமகள் ஜன்னலைத் திறந்துவிட்டாள். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். அந்த நெடி வந்தால் எனக்கு ஒரு முகம்தான் ஞாபகம் வரும். என் வீட்டுக்காரரின் அண்ணன் முகம். எனக்கு அவர் மூத்தார்.

நான் அஞ்சாங்கிளாஸோடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேச இன்றைக்கும் கூச்சம். பேச முடியாததால் எழுதுகிறேன்.

ஸ்ரீரங்கத்துக் காவிரிக்கரையில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு ஃபைபர் படகு இருந்தது. அனுமதி மூத்தார் பேரில், ஓட்டுவது என் வீட்டுக்காரர். ஆற்றில் தண்ணீர் வருகிற மாதங்களில் ஜனங்களை ஏற்றி ஒரு சுற்று காட்டிக் கொண்டுவந்து விடுவார். ரெண்டு குடும்பமும் அதில்தான் சாப்பிட்டது. மோட்டாரை மாட்டுவது படகின் பின்பலகையில். அதைத் துளைத்துக்கொண்டு போல்ட்டுகள் போகும். இன்னும் கீழே, உள்ளே சேருகிற தண்ணீரை வடிக்க ஒரு துளை, அதற்கு ஒரு மூடி. வெளியே பார்க்க ஃபைபர், உள்ளே இருப்பது பிளைவுட். துளையின் ஓரம் சரியாக அடைபடவில்லை என்றால் தண்ணீர் படகுக்குள்ளும் வரும், பலகைக்குள்ளும் இறங்கும்.

ஒரு வருஷம் கோடையில் படகை மணலில் ஏற்றி, பழைய போல்ட்டுகளையும் மூடியையும் கழற்றிப் போட்டிருந்தார்கள். ஆடிப்பெருக்குக்கு ஒரு வாரம் இருக்கும்போது நாகப்பட்டினத்து மெக்கானிக் ஒருத்தர் வந்து பார்த்தார். நான் டீ கொண்டுபோனேன். துளைக்குள் விரலை விட்டுத் தடவிக்கொண்டே அவர் சொன்னார்: "அண்ணே, தண்ணிக்கு மேல இருக்கற ஓட்டைக்கு எதை வேணா பூசுங்க. தண்ணிக்குக் கீழ சிலிகான் வேணாம், அது பாத்ரூமுக்குப் போதும். இதுக்கு படகுக்குன்னே விக்கற பியூ பேஸ்ட்தான்."

"அது காயறதுக்குள்ள ஆடிப்பெருக்கு போயிடுமேப்பா" என்றார் மூத்தார்.

"பெருக்கு போனா அடுத்த வருஷம் வரும். படகு போனா வருமா?"

மூத்தார் சிரித்தார். மெக்கானிக் விடவில்லை. "இது முன்னாடி சிலிகான் பூசின இடம். கண்ணுக்குத் தெரியாது, ஆனா அந்த வழவழப்பு நிக்கும். எமரி பேப்பர் போட்டு நல்லாத் தேய்ச்சு எடுத்தாத்தான் மேல எதுவும் ஒட்டும்" என்றார். "சரிங்க வாத்தியாரே" என்று மூத்தார் கும்பிட்டார். மெக்கானிக்கின் பெண்சாதி பிள்ளை பெற ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவர் அன்றைக்கே ஊருக்குப் போய்விட்டார்.

ஆற்றில் தண்ணீர் விட்டுவிட்டார்கள் என்று சேதி வந்ததும் மூத்தாருக்குக் கால் நிற்கவில்லை. பாலக்கரைக்குப் போய் சிலிகான் பேஸ்ட் வாங்கி வந்தார். தோள் துண்டால் துளைகளை ஒரு துடை துடைத்தார், பிதுக்கினார், போல்ட்டை முடுக்கினார். மூடிக்கும் அதேதான். போல்ட் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற நான், "மாமா, அந்த ஆள் தேய்க்கச் சொன்னாரே" என்றேன். என் வாழ்க்கையில் அவரிடம் எதிர்த்துச் சொன்னது அது ஒன்றுதான். "நீ காப்பி போடு, போதும்" என்றார்.

ஆடிப்பெருக்கன்று காலையில் படகுக்குப் பூஜை. மூத்தார் பெண்சாதி, என் ஓரகத்தி, அன்றைக்கு வீட்டுக்கு விலக்கு. "சுமங்கலி கையால வைக்கணும், நீ வா" என்று மூத்தாரே என்னைக் கூப்பிட்டார். நல்லெண்ணெயில் குழைத்த மஞ்சளைப் பின்பலகையின் மேல் விளிம்பில் தடவி, குங்குமம் வைத்தேன். போல்ட்டும் மூடியும் எங்கேயோ கீழே, அதற்கு முன்னாலேயே இறுகிக் கிடந்தன.

அன்றைக்கே ஜனங்களை ஏற்றிப் போன படகுக்குள், நடு ஆற்றில் தண்ணீர் கணுக்காலுக்கு ஏறியது, பிறகு முழங்காலுக்கு. என் வீட்டுக்காரர் எப்படியோ மணல் திட்டில் கொண்டுபோய் ஏற்றினார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இடுப்பில் பிள்ளை வைத்திருந்த ஒரு பெண் அவரை அடிக்கவே போனாள். அதிகாரி வந்து கேட்டபோது, கரை நிறைய ஜனம் நிற்க, மூத்தார் சத்தமாகச் சொன்னார்: "வீட்டுப் பொம்பளை எண்ணெய்க் கையோட தொட்டுட்டா சார். எண்ணெய் பட்டா பேஸ்ட் ஒட்டாது."

எண்ணெய் பட்டால் ஒட்டாது என்பது நிஜம்தான். அதனால்தான் எல்லோரும் நம்பினார்கள். என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அனுமதி போயிற்று. படகு போயிற்று. என் வீட்டுக்காரர் மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனார். நான் நடந்ததைச் சொன்னேன். "அண்ணன் சொல்லிட்டாரு, விடு" என்று அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவரும் விட்டார், நானும் விட்டேன். மற்றவர்கள் விடவில்லை. யார் வீட்டில் பால் திரிந்தாலும் என் பேச்சு வந்தது. மூத்தார் மகன் கல்யாணத்துக்கு மஞ்சள் இடிக்க, என் முகூர்த்தப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். உலக்கையில் கை வைத்ததும் ஓரகத்தி அதை வாங்கிக்கொண்டாள். "நீ போய் வெங்காயம் உரிம்மா. அந்தக் கை இதுக்கு வேணாம்." சுற்றி நின்ற பொம்பளைகள் சிரித்தார்கள். வெங்காயம் உரித்ததில் ஒரு வசதி இருந்தது, யாரும் ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை.

ஓரகத்தியும் போய், என் வீட்டுக்காரரும் போய், கடைசியில் மூத்தார் போனார். கருமாதிக்குப் போயிருந்தேன். அடுப்படியில் பாயசத்தைக் கிளறப் போன என்னைப் பார்த்து மூத்தார் மகன், "சித்தி, எண்ணெய்க் கையை வெச்சுடாதீங்க, பாயசம் கவுந்துடும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு என்ன வந்ததோ, கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னேன்: "எண்ணெய் இல்லப்பா. பழைய சிலிகானை உங்கப்பா தேய்ச்சு எடுக்கல."

அவன் முகம் மாறவே இல்லை. "தெரியும் சித்தி. அப்பாவே சொல்லியிருக்காரு. அன்னிக்கு வேற வழியில்லைன்னு."

"உன் கல்யாணத்துக்கு முன்னாடி சொன்னாரா, பின்னாடியா?"

கொஞ்சம் யோசித்தான். "முன்னாடிதான். அம்மாவும் இருந்தாங்க. இப்ப அதெல்லாம் எதுக்கு? இலை போட்டாச்சு, உட்காருங்க."

நான் உட்காரவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். "சித்தி சாப்பிடாமப் போறாங்களே" என்று ஒரு பெண் குரல் கேட்டது. அதற்கு அவன் சொன்னதும் கேட்டது. "அவங்க எப்பவும் அப்படித்தான். கூச்ச சுபாவம்."