பாதியில் நின்ற படம்

மாரமங்கலத்தில் வந்து இறங்கும் அட்டைப்பெட்டி யாருடையதாக இருந்தாலும், அதன்மேல் ஒட்டியிருக்கும் பெயர் ஜெயமேரியுடையதுதான். தங்கம்மாவின் குக்கருக்கு ரப்பர் வளையம், மலருக்கு நைட்டி, பெரியசாமியின் முழங்காலுக்கு உறை, எல்லாமே அவள் பெயரில்தான் மலையேறும். அந்த ஷாப்பிங் கம்பெனியில் மெம்பராக இருப்பது ஊரில் அவள் ஒருத்திதான். மெம்பருக்கு டெலிவரிக் கூலி கிடையாது என்று தெரிந்ததும் ஊரே அவளைப் பங்கு போட்டுக்கொண்டது. கூரியர்க்காரர்கள் மாரமங்கலம் வரை வருவதில்லை. ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் பிரகாஷின் செல்போன் கடையில் பெட்டிகளை இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். சாயங்கால பஸ்ஸில் கண்டக்டர் மாதையன் அவற்றைக் கொண்டுவந்து சேர்ப்பார்.

"ஏனுங்க மேரியக்கா, உங்க பொட்டி சீட்டுல சாஞ்சுக்கிட்டு வருது, நான் கம்பியப் புடிச்சுட்டு நிக்கறேன். டிக்கெட்டு அதுக்குப் போடோணுங்களா, எனக்குப் போடோணுங்களா?"

காப்பிப்பழம் பறித்த களைப்பு அந்த ஒரு பேச்சில் பறந்துவிடும். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவாள். கொடுத்ததும் திரும்பிவிட மாட்டாள். பிரித்துப் பார்க்கிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நிற்பாள். தன் வீட்டை விட்டுப் போன சிரிப்பை அவள் மற்றவர்கள் வீட்டு வாசலில் தேடிக்கொண்டிருந்தாள் என்பது ஊருக்குத் தெரியாது.

மெம்பராக அவளைச் சேர்த்துவிட்டது மகன் ஷெர்வின். அவள் நம்பரில் கணக்கைத் திறந்து, பாஸ்வேர்டையும் அவனே போட்டுக் கொடுத்தான். "இதுலயே படமும் பாக்கலாம்மா, தனியா எதுவும் கட்ட வேண்டாம்" என்று சொன்னபோது அவன் முகத்தில் இருந்த வெளிச்சம் இன்னும் அவள் கண்ணில் நிற்கிறது. ஆனால் மாரமங்கலத்தில் டவர் பேசுவதற்குத்தான் ஆகும். பொருட்களின் பக்கம் தள்ளாடித் தள்ளாடியாவது திறக்கும். படம் போட்டால் திரை நடுவே ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் படம் பார்க்க ஷெர்வின் ஏற்காட்டு ஏரிக்கரைக்குப் போவான்.

அப்படிப் போயிருந்த ஒரு நாளில் மழை கொட்டியது. எஸ்டேட் களத்தில் காய்ந்துகொண்டிருந்த காப்பிக்கொட்டையைத் தார்ப்பாய் போட்டு மூடுவது அன்று அவன் வேலை. கொட்டை முழுக்க நனைந்து நாசமாயிற்று. களத்துக்குப் பொறுப்பு அவன் அப்பா மரியஜோசப். கணக்கெழுதும் ரைட்டரும் பழம் பறிக்கும் பெண்களும் பார்த்திருக்க, அவர் மகனைக் கன்னத்தில் அறைந்தார். விடிந்தபோது அவன் வீட்டில் இல்லை.

கேரளத்து மலைத்தோட்டம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகத் தன் கூட்டாளி விக்னேஷிடம் மட்டும் அவன் சொல்லியிருந்தான். அந்த மழைக்காலத்திலேயே அந்த மலை சரிந்தது. தொழிலாளர்களின் லைன் வீடுகளை மண் மூடியது. பதறிக்கொண்டு ஓடிய விக்னேஷ் வெறுங்கையோடு திரும்பினான்.

"பேரே பதியாத ஆளுக நொம்பப் பேரு இருந்தாங்களாமுங்க. அதுக்கு மேல தோண்ட முடியாதுன்னுட்டாங்க" என்று சொல்லிவிட்டு, ஜெயமேரியின் காலடியில் உட்கார்ந்து அழுதான். ஷெர்வினின் போன் அணைந்தது அணைந்ததுதான்.

மரியஜோசப் அழவில்லை. அதன்பிறகு அவர் யாரிடமும் அதிகம் பேசவுமில்லை. இந்த வருடம் கல்லறைத் திருநாள் நெருங்கியபோது ஏற்காட்டு மாதா கோவிலுக்குப் போய், பூசையில் வாசிக்கும் இறந்தவர்களின் பெயர்களோடு மகன் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தார்.

"கல்லறை இல்லாத புள்ளைக்கு ஒரு செபமாச்சும் வேணுமில்ல, மேரி."

பெயரை வாசிக்கும் வரைக்கும் அவன் வீட்டுக்கு வராத பிள்ளை. வாசித்துவிட்டால் செத்த பிள்ளை. பெற்ற வயிறு அதை எப்படித் தாங்கும்? வேண்டாம் என்று சொல்ல ஜெயமேரி வாயெடுத்தாள். எதைக் காட்டி வேண்டாம் என்பது? அடுப்பங்கரைக்குள் போய், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள்.

இந்த நிலையில்தான் மெம்பர் கெடு முடிகிறது என்று போனில் செய்தி வந்தது. இனி இரண்டு வகை உண்டாம். ஒன்று படத்தோடு சேர்ந்தது. இன்னொன்று ஷாப்பிங் மட்டும், அதற்குக் கட்டணம் குறைவு. தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டே பெண்கள் அதைப் பிரித்து மேய்ந்தார்கள்.

"சேலை எடுக்கப் போனா சினிமா டிக்கெட்டையும் சேத்துத் தலையில கட்டற கடைய எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?" என்றாள் தங்கம்மா.

"நான் வாங்கறது நைட்டி. அதுக்கு எதுக்குக்கா கதாநாயகன்?" என்றாள் மலர்.

"அந்த நைட்டியப் போட்டுக்கிட்டு உக்காந்து பாக்கறதுக்குத்தான்டி."

"எங்க பாக்கறது? வட்டத்தையா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஜெயமேரியும் சிரித்து வைத்தாள். கணவரிடம் கேட்டபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"படத்த எடுத்துரு. அந்தப் படம்தான் என்ற பையனத் தின்னுச்சு."

மறுநாளே ஏற்காட்டுக்குப் போய்ப் பிரகாஷிடம் போனை நீட்டினாள்.

"மாத்தறதுக்கு முன்னால ஒருக்கா உள்ள பாத்துக்கோங்கக்கா. அப்புறம் வேணும்னா கெடைக்காது" என்றபடி அவன் படப் பக்கத்தைத் திறந்தான். அவள் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கலர் கலராகப் படங்கள் வரிசை கட்டி நின்றன. மேல் வரிசையில் இருந்த ஒரு படத்தின் அடியில் சிவப்புக் கோடு ஒன்று பாதி தூரம் ஓடி நின்றிருந்தது.

"கமுக்கமா நொம்பப் படம் பாப்பீங்களாட்ட இருக்குது" என்று சிரித்தான் பிரகாஷ். "இந்தப் படம் இதுல வந்தே ரெண்டு நாளுதான் ஆச்சு. அதுக்குள்ள பாதி பாத்துட்டீங்க."

"எந்தப் பாதிங்க தம்பி?"

"இந்தக் கோடு நிக்குதில்லீங்க, அது வரைக்கும் ஓடியிருக்குது. இங்க பாருங்க, போன வாரம் ஒண்ணு. அதுக்கு முன்னால ஒண்ணு."

"எங்க ஊட்டுல படமே ஓடாதுங்களே. வட்டந்தானே சுத்தும்."

பிரகாஷின் சிரிப்பு நின்றது. "அப்ப எவனோ உங்க பாஸ்வேர்டத் திருடிட்டானுங்கக்கா. இருங்க, எல்லாப் போன்லயிருந்தும் ஒரே அமுக்குல வெளிய தள்ளிர்றேன்."

அவன் விரல் திரைமேல் இறங்கியது. அந்தக் கணத்தில் ஜெயமேரியின் தலைக்குள் இடி விழுந்தது போலிருந்தது. பாஸ்வேர்டு போட்டவன் ஒருவன்தான். தெரிந்தவனும் அவன் ஒருவன்தான். அவள் பாய்ந்து பிரகாஷின் கையைப் பிடித்தாள்.

"தள்ளாதீங்க தம்பி."

"திருடனுங்கக்கா."

"இல்லீங்க. என்ற பையனுங்க."

கடைக்கு வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. பிரகாஷுக்கும் கதை தெரியும். அவன் முகம் வெளிறிவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. மண்ணுக்குள்ள கெடந்த போன எவனாச்சும் எடுத்து..."

ஜெயமேரி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். உயிர் வந்த வேகத்திலேயே போய்விடும் போலிருந்தது. பாதியில் நின்ற அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்தாள். அந்தக் கோட்டின் மறுமுனையில் இருப்பது தன் ரத்தமா, அவன் பிணத்தருகே போன் பொறுக்கிய எவனோவா?

"அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்த சொல்ல முடியுங்களா?"

"இது படம் பாக்கற எடமுங்கக்கா, பேசற எடமில்ல" என்றவன் சட்டென்று நிமிர்ந்தான். "இருங்க. தொறந்தவொடனே ஆரு பாக்கறதுன்னு பேரக் காட்டும். இப்ப ஜெயமேரின்னு இருக்குது. அந்தப் பேர மாத்தலாம். ஆரு தொறந்தாலும் மொதல்ல அதுதான் கண்ணுல படும். நீளமா மட்டும் எழுத முடியாது."

அவள் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். ஜெயமேரி என்ற பெயர் அழிந்து, அந்த இடத்தில் வேறொன்று வந்தது: சாமி, அம்மாகிட்டப் பேசு.

மெம்பர்ஷிப்பைப் படத்தோடு சேர்த்தே புதுப்பித்துக்கொண்டு ஊர் திரும்பினாள். கணவரிடம் சொல்லவில்லை. இல்லாத மகன் இன்னொரு தடவை இல்லாமல் போனால் அந்த மனிதர் எழுந்திருக்க மாட்டார்.

"எடுத்துட்டியா?" என்றார் அவர்.

"பிரகாஷ் பாத்துக்கறேன்னாருங்க."

போன் அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் எடுத்தாள். ஒரு தடவை மலர்: "அக்கா, என்ற நைட்டி அளவு பத்தலீங்க." இன்னொரு தடவை, பெட்டி வந்துவிட்டது என்று மாதையன். கேட்க வேண்டிய குரல் வரவேயில்லை. படப் பக்கத்தைத் திறந்தால் அந்தப் பாழாய்ப்போன வட்டம் சுற்றியது.

கல்லறைத் திருநாள் வந்துவிட்டது. மரியஜோசப் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மெழுகுவர்த்தியும் சாமந்திப் பூவுமாக முன்னால் நடந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியதும், நீங்க போங்க, வாரேன் என்று சொல்லிவிட்டு ஜெயமேரி பிரகாஷின் கடைக்குள் நுழைந்தாள். அவன் போனை வாங்கித் திறந்தான். பிறகு போனை அவள் பக்கம் திருப்பினான்.

அவள் எழுதச் சொன்ன வார்த்தைகள் அங்கே இல்லை. அதற்குப் பதிலாக இருந்தது: அப்பா அடிப்பாரா?

கல்லறைத் தோட்டம் வரைக்கும் அவள் ஓடினாள். செருப்பு எங்கே கழன்றது என்று அவளுக்குத் தெரியாது. வெள்ளையடித்த கல்லறைகள்மேல் பூவும் வெளிச்சமுமாக இருந்தது. கல்லறை இல்லாதவர்களுக்காக மக்கள் கூடும் பெரிய சிலுவையின் அடியில் மரியஜோசப் நின்றிருந்தார். கோவில் உபதேசியார் கையில் தாளை விரித்துப் பெயர்களை வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

அவள் போனைக் கணவரின் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தார்.

"இத ஆரு எழுதுனது?"

"ஷெர்வினுங்க."

"எதுல?"

"நீங்க எடுக்கச் சொன்னீங்களே, அந்தப் படத்துலங்க."

மரியஜோசப் ஆட்களை விலக்கிக்கொண்டு நேராக உபதேசியாரிடம் போய், அந்தத் தாளின்மேல் கையை வைத்தார். வாசிப்பு நின்றது. அத்தனை தலைகளும் திரும்பின.

"என்ற பையன் பேர வாசிக்காதீங்க."

"ஏனுங்க ஜோசப், நீங்கதானே வந்து குடுத்தீங்க?"

"குடுத்தேனுங்க. வாசிக்காதீங்க."

உபதேசியார் பங்குச் சாமியாரைப் பார்த்தார். சாமியார் மரியஜோசப்பின் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லத் தலையசைத்தார். ஒரு பெயரைத் தாண்டி வாசிப்பு தொடர்ந்தது.

திரும்பி வந்த கணவர், "மாட்டாருன்னு எழுது மேரி" என்றார். பிரகாஷ் பெயரை மாற்றியதைப் பார்த்திருந்தபடியே அவள் எழுதினாள். பெயர்கள் முடிந்து பாட்டு தொடங்கியது. ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று. தெரியாத நம்பர் ஒன்றிலிருந்து போன் அடித்தது.

"அம்மா."

"மலை சரிஞ்சதுல நீயும்..." என்று வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.

"ஏம்மா அழுவறீங்க? மலை சரியறதுக்கு முன்னாலயே நான் அங்கிருந்து கெளம்பிட்டேன். போனும் தொலஞ்சு போச்சு. இப்பப் பெரும்பாவூர்ப் பக்கம் பிளைவுட் கம்பெனில இருக்கறேன். நான் அங்க இருந்தத விக்னேஷ் ஊட்டுல சொல்லியிருக்க மாட்டான்னு நெனச்சேன்."

"ஒரு வார்த்த பேசியிருக்கக் கூடாதா கண்ணு?"

"கோவம்தான். ஆனா நீங்க ஆர்டர் போட்டதெல்லாம் தெனமும் பாத்துட்டுத்தான் இருந்தேன். நைட்டி, குக்கர் சாமான், போன வாரம்கூடச் சுடிதார். நான் இல்லாம ஊடு சந்தோசமாத்தான் இருக்குதுன்னு விட்டுட்டேன்."

ஊருக்காக அவள் வாங்கிச் சுமந்த ஒவ்வொரு பெட்டியும் அங்கே அவனிடம் போய், உன் தாய் உன்னை மறந்துவிட்டாள் என்று சொல்லியிருக்கிறது. இருவரும் ஒரே கணக்குக்குள்தான் இருந்திருக்கிறார்கள். அவன் கடைப் பக்கம் நின்று அவளைப் பார்த்திருக்கிறான். அவள் படப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை.

"அதுல ஒண்ணுகூட எனக்கில்ல சாமி" என்றாள். போனைக் கணவரிடம் நீட்டினாள்.

மரியஜோசப் அதைக் காதில் வைத்துக்கொண்டார். மகன்தான் முதலில் பேசினான்.

"அப்பா, அங்க என்னங்க பாட்டுச் சத்தம்?"

"கல்லறைத் திருநாளு சாமி."

"நம்ம ஊட்டுல ஆருக்குங்கப்பா?"

அவர் கையில் இருந்த மெழுகுவர்த்தியைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தார்.

"உன்ற தாத்தனுக்கு" என்றார். பிறகு போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே, கல்லறைகளுக்கு நடுவே தன் தகப்பனின் கல்லறையைத் தேடி நடந்தார்.